டாஹாவ் போகும் முன் இதைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தோழிகள் மியூனிக் வரும்போது காலையில் டாஹாவ், மதியத்துக்கு மேல் கடைவீதி என்று ஒரே நாளில் போட்டிருப்பதாகச் சொன்னாய். அப்படிப் போகாதே. அது ஹிட்லரின் நாஜிகள் ஆட்களை அடைத்து வைத்த வதைமுகாம், இப்போது நினைவிடம். அதற்கு என்று ஒரு நாளை முழுசாக ஒதுக்கு. உன் வீட்டில் தங்கியிருந்தபோது, நீ ஆபீஸ் போன பிறகு நான் தனியாகப் போய்வந்த இடம் அது. சாயங்காலம் நீ கேட்டாய், எனக்குத்தான் பேச வரவில்லை.

வழி சுலபம். மெயின் ஸ்டேஷனில் எஸ் 2 ரயில், டாஹாவ் ஸ்டேஷனில் இறங்கியதும் 726 பஸ். நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லாரும் உள்ளே போனதும் பிணம் எரித்த கூடத்தைத்தான் தேடி ஓடுகிறார்கள். நீ முதலில் மியூசியத்துக்குப் போ, அதிலும் 1933-ஐப் பற்றிய பகுதியில் நின்று படி. ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர் ஆகிறார், மார்ச் 22 அன்று இந்த முகாம் திறந்தாகிவிட்டது, அதாவது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் ரகசியமாக இல்லை. அப்போது மியூனிக் போலீஸ் தலைவராக இருந்த ஹிம்லர் பத்திரிகைகளுக்கே சொன்னார், 5,000 பேரை அடைக்கலாம் என்று. காலையில் காபியோடு ஊரே படித்த செய்தி, பாப்பா! பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சோஷியல் டெமாக்ரட்டுகள், தொழிற்சங்கக்காரர்கள். 'அவர்கள் அரசியல்வாதிகள்தானே' என்று மற்றவர்கள் நகர்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். யூதர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்தது 1938 நவம்பரில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. என்னை இன்றுவரை தூங்கவிடாதது அந்த ஐந்து வருஷம்தான்.

அப்புறம் வெளியே வா. கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய மைதானம், அதைத் தாண்டி அவர்கள் தங்கிய பாரக்குகள். இரண்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், மற்றவை இருந்த இடத்தில் அடித்தளத்தின் அடையாளம் மட்டும் வரிசையாக நீள்கிறது. ஏறக்குறைய 6,000 பேருக்காகக் கட்டிய முகாமில், 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்க ராணுவம் வந்தபோது 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பசியும் டைபஸ் காய்ச்சலும் கடைசி மாதங்களில் ஆட்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் அங்கே அடைபட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், செத்தவர்கள் குறைந்தது 41,500 பேர்.

பிணம் எரித்த கூடத்துக்குக் கடைசியில் போ. அங்கே நூர் இனாயத் கான் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த பெண். அப்பா இந்தியர், அம்மா அமெரிக்கர். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பாரிஸில் பிரிட்டனுக்காக ரகசியமாக வயர்லெஸ் இயக்கியவள். 1944 செப்டம்பர் 13 அன்று இன்னும் மூன்று பெண்களோடு அங்கே சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது முப்பது, உன் வயசு. அந்தப் பெயரைப் படித்த பிறகு என்னால் அங்கிருந்து சட்டென்று நகர முடியவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'உழைப்பு விடுதலை தரும்' என்று எழுதிய அந்த இரும்புக் கதவு முன்னால் நின்று சிரித்துப் போட்டோ எடுக்காதீர்கள். தோழிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடு, அங்கே போய்ச் சொன்னால் சங்கடமாகிவிடும். இப்போது மாட்டியிருப்பது நகல். அசல் 2014-இல் திருடுபோய், நார்வேயில் கிடைத்து, இப்போது மியூசியத்துக்குள் இருக்கிறது.

தோழிகளுக்கு முழு நாள் ஒதுக்க மனசில்லை என்றால் வற்புறுத்தாதே, நீ மட்டும் இன்னொரு நாள் போ. சாயங்காலம் 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே கிளம்பு. திறந்த வெளி, காற்று அடிக்கும், தடித்த கோட் போட்டுக்கொள். வந்து, அன்றைக்கு முடியாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் போன் பண்ணு. அந்த முதல் வருஷத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா