ஆற்றங்கரைக் கூழாங்கல்லும் கோடை விடுமுறையும்

ஆசிரியருக்கு வணக்கம். புனேயில் இருக்கும் நாங்கள் போன ஞாயிறு குடும்பத்தோடு பீமா ஆற்றங்கரைக்குக் கல் பொறுக்கப் போனோம், கோடையில் தண்ணீர் வற்றிக் கூழாங்கல் திட்டு வெளியே தெரிகிறது, சாப்பாடு கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

தக்காணத்து எரிமலைப் பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு பழையது. எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகளில் சிலிக்கா கலந்த நீர் கசிந்து, படலம் படலமாகப் படிந்ததுதான் அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல். ஜாஸ்பரும் அதே வகைதான், ஆனால் ஒளி ஊடுருவாது, இரும்பு கலந்ததால் பெரும்பாலும் செங்கல் சிவப்பு.

என் மகள் எடுத்தது உருளைக்கிழங்கு மாதிரி அழுக்குக் கல். பாட்டில் தண்ணீரை ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள், விளிம்பு தேன் நிறத்தில் ஒளிர்ந்தது, வெங்காயச் சருகு போல வரிவரியாகக் கோடுகள். பேனாக்கத்தியால் கீறியும் கீறல் விழவில்லை, குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம் அல்லவா.

தமிழ்நாட்டில் நொய்யல் கரையிலுள்ள தொல்லியல் இடமான கொடுமணலில் கிடைத்த அகேட் மணிகளுக்கும், சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணிகளுக்கும் வேண்டிய மூலக்கல் குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைச் சொன்னதும் அவள் அந்தக் கல்லைக் கையைவிட்டு இறக்கவே இல்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கல்லைப் பற்றிப் படத்தோடு எழுதுங்கள். அப்புறம், தொல்லியல் மேடுகளில் மட்டும் எதையும் தொடக்கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகி, புனே