தெரெக்: நீ கேட்ட வார்த்தை

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வற்றியிருக்கிறது. போன மாதம் விடுதிக்கு அனுப்பிய முறுக்குப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. பின்கோடை நான் தப்பாக எழுதியிருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு.

லெந்து நாட்களில் நீ கேட்ட வார்த்தைக்கு இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தெரெக், எபிரெயத்தில் வழி என்று அர்த்தம். தாலெத், ரேஷ், காஃப் என்று மூன்று எழுத்து. எழுதும்போது தாலெத்தின் வலது மேல்மூலை வெளியே நீட்டியிருக்கட்டும். அதை வளைத்துவிட்டால் ரேஷ் ஆகிவிடும். பழைய ஏற்பாட்டில் சுமார் 700 இடங்களில் வருகிற வார்த்தை இது. அதனால் ஓர் இடத்து அர்த்தத்தை இன்னோர் இடத்தில் திணிக்காதே. எந்த வசனத்தில் வருகிறதோ அந்த வசனத்துக்குள் வைத்தே படி.

இதன் வினைச்சொல் தாரக், மிதித்தல். ஏசாயா 63:3-ல் "நான் ஒருவனாய் ஆலையை மிதித்தேன்" என்பது அந்த வினைதான். சங்கீதம் 7:12-ல் வில்லை நாணேற்றுவதும் அதே வினை. பெரிய வில் கைப்பலத்துக்கு மட்டும் வளையாது, காலால் மிதித்து அழுத்தித்தான் நாணைப் பூட்டுவார்கள். ஆகவே தெரெக் என்பது கால் பட்டுப் பட்டு உண்டான தடம். அதிலிருந்து பயணம், பிறகு நடத்தை, பிறகு திசை என்று விரிகிறது. 1 இராஜாக்கள் 8:44-ல் நகரத்துக்கு "நேராக" விண்ணப்பம் பண்ணுவது என்று நம் தமிழில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது தெரெக்.

தமிழில் வழி, பாதை என்ற இரண்டே சொல்லில் அடங்கிவிடுவதால் மற்ற சொற்கள் கண்ணில் படாமல் போகும். சங்கீதம் 23:3-ல் "நீதியின் பாதைகள்" தெரெக் அல்ல, மஃகால். வண்டியைக் குறிக்கும் அகாலா என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். சக்கரம் உருண்டு உருண்டு பதிந்த தடத்தை நினைத்துக்கொள். சங்கீதம் 119:105-ல் வெளிச்சம் விழுகிற பாதை நெதிவா. ஏசாயா 40:3-ல் வழி தெரெக், ஆனால் செவ்வைபண்ணச் சொல்லும் பாதை மெசில்லா, மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்ட சாலை. ஏசாயா 62:10-ல் அதைப் போடுகிற வேலையே வந்துவிடுகிறது, பாதையை உயர்த்தி, கற்களைப் பொறுக்கிப் போட வேண்டும். இன்றைய எபிரெயத்தில் தண்டவாளத்துக்கும் மெசில்லா என்றே பெயர்.

ஒரு தப்பு மட்டும் செய்யாதே. தாலெத் என்றால் கதவு, ரேஷ் என்றால் தலை, காஃப் என்றால் உள்ளங்கை என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து அர்த்தம் சொல்லிப் பிரசங்கிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். வார்த்தைக்கு அர்த்தம் அப்படி வருவதில்லை. வசனத்துக்குள் வைத்தே படி என்று திரும்பவும் சொல்கிறேன்.

நீதிமொழிகள் 30:19-ஐ நிதானமாக வாசி. ஆகாயத்தில் கழுகின் வழி, கன்மலையின்மேல் பாம்பின் வழி, நடுக்கடலில் கப்பலின் வழி, ஒரு கன்னிகையை நாடிய மனுஷனுடைய வழி. நாலும் தெரெக். மிதித்த தடம் என்று பொருள் கொண்ட சொல்லையே எடுத்து, தடம் பதியாத மூன்று இடங்களை முதலில் வைத்துவிட்டு நாலாவதுக்கு வருகிறான் அதை எழுதினவன். பெரியப்பா வீட்டில் என்னென்னமோ பேசுகிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. எபிரெயத்தில் நீ வாங்கிய மார்க் நம் குடும்பத்தில் யாரும் வாங்காதது. அதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வரி எழுதிப்போட உனக்கு நேரமில்லாமல் போய்விட்டதே.

கடைசியாக நீதிமொழிகள் 22:6. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து." எபிரெயத்தில் "அல் பி தர்கோ". பின்னால் 'அவனுடைய' என்ற விகுதி சேரும்போது தெரெக் தர்கோ ஆகும். "அவனுடைய வழியின்படி" என்றுதான் அங்கே இருக்கிறது. "நடக்கவேண்டிய" என்ற சொல் மூலத்தில் இல்லை. அவன் போகவேண்டிய வழி என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அவனுடைய இயல்பின்படி என்பவர்களும் உண்டு. அவன் இஷ்டப்படி விட்டால் கிழவனானாலும் திருந்தமாட்டான் என்று எச்சரிக்கையாக எடுப்பவர்களும் உண்டு. ஆனால் தகப்பனுடைய வழி என்று ஒருவரும் சொன்னதில்லை, தம்பி. இதே வசனத்தைச் சொல்லித்தான் செமினரி விண்ணப்பத்தில் உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன். நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். மூலத்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் தப்பு அது. அம்மாவுக்கு இதில் பங்கில்லை.

சிவப்பு அட்டை நோட்டில் அந்த அதிகாரத்துப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் "தர்கோ" என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பேன். அந்த நோட்டு இனி உன்னிடம் இருக்கட்டும். விடுதிக்கு அனுப்பவில்லை. இப்போது எங்கே தங்கியிருக்கிறாயோ அந்த விலாசத்தை எழுது, பின்கோடோடு. முறுக்கையும் அம்மா திரும்பச் சுட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா