பள்ளி டைரியில் இனி மூங்கில் குச்சி என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் நெருங்கினால் பல பள்ளிகளில் பிள்ளைகளின் டைரியில் ஒரு வரி வந்துவிடும்: கிறிஸ்துமஸ் குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி) செய்ய தெர்மாகோல் ஷீட் இரண்டு, ஜிகினாப் பொடி ஒரு பாக்கெட். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடையில் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், அதை அறுப்பதும் ஒட்டுவதும் கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அதற்குப் பதில் மூங்கிலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் என்றால் பத்து வயதுப் பிள்ளைகளே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுவார்கள்.

ஒரு ஸ்டாருக்கு 60 செ.மீ. குச்சி 10, 10 செ.மீ. குச்சி 5 வேண்டும். குச்சி சீவுவது பெரியவர் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம். பிறகு கையில் சிலாம்பு ஏறாது. நீளக் குச்சி ஒவ்வொன்றிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து பென்சிலால் குறிக்கவும். ஐந்து குச்சிகளை ஐந்துமுனை நட்சத்திரமாக அடுக்கும்போது குறியோடு குறி சேர்ந்தால் ஐந்து கொம்பும் ஒரே அளவாக வரும். கண் மதிப்பில் கட்டுவதால்தான் வீட்டு ஸ்டார்கள் பலவும் கோணிக்கொள்கின்றன. முனைகளை முதலில் ரப்பர் பேண்டால் பிடித்து, வடிவம் சரியானபின் நூலால் இறுக்கவும். ஈரக் குச்சியில் கட்டக் கூடாது. காய்ந்ததும் சுருங்கி, கட்டு தளர்ந்துவிடும்.

இப்படி இரண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளில் மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் சின்னக் குச்சிகளை நெம்பிச் செருகினால் ஸ்டார் உப்பிக்கொள்ளும். இன்னும் உப்பட்டும் என்று 15 செ.மீ. குச்சியைச் செருகினால் முனைக் கட்டு பிய்ந்துவிடும்.

பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டினால் போதும். சுடுநீரில் மாவைப் போட்டால் கட்டி தட்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கும் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது, அது விஷம். பிள்ளைகள் கை வாய்க்குப் போகும். பட்டத்தாளைச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதலாக வெட்டி, குச்சியின்மேல் மடித்து ஒட்டவும். பசையைத் தாளில் தடவினால் கிழியும், குச்சியில் தடவுங்கள். பின்பக்க நடு ஐங்கோணத்தை பல்புக்காகத் திறந்தே விடவும். 5 வாட் எல்.இ.டி. தாராளம். பழைய குண்டு பல்பின் சூடு தாளைக் கருக்கிவிடும். டிசம்பர் மழையில் பட்டத்தாள் ஒரு நாள்கூடத் தாங்காது, வராந்தாவுக்குள்ளேயே தொங்கட்டும்.

குடிலுக்குப் பச்சைப்புல் வேண்டுமா? 8 மணி நேரம் ஊறவைத்த கேழ்வரகை, அடியில் ஓட்டை போட்ட தட்டில் டிசம்பர் 14, 15 வாக்கில் தூவி, ஈரச் சாக்கால் இரண்டு நாள் மூடிவைக்கவும். முளை கண்டதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இருட்டிலேயே விட்டால் முளைப்பாரிபோல வெளிர்மஞ்சளாக வளரும். மாத ஆரம்பத்திலேயே விதைத்தால் 25-ஆம் தேதிக்குள் சாய்ந்துவிடும். குடிலில் பனி என்று சீரியல் பல்புகளின்மேல் பஞ்சு பரப்புவது தீயை வீட்டுக்குள் அழைப்பதுதான்.

கலகலா, அச்சு முறுக்கு போன்ற பலகாரங்களைக் கொடுக்க, பழைய திருமண அழைப்பிதழ் அட்டையிலேயே பெட்டி செய்யலாம். 15 செ.மீ. சதுரத்தில் நான்கு ஓரமும் 3.5 செ.மீ. விட்டுக் கோடு போட்டு மடித்தால் அடிப்பகுதி; மூடிக்கு 15.4 செ.மீ. சதுரம். மடிக்கும்முன் மை தீர்ந்த பேனாவால் கோட்டை அழுத்தி இழுக்காவிட்டால் அட்டை வெடிக்கும். உள்ளே பட்டர் பேப்பர் விரிக்க மறக்க வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால், திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரங்கள்) முதல் வாரத்திலேயே ஸ்டார் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆசிரியர்கள் டைரியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: மூங்கில் குச்சி 15, பட்டத்தாள் 4, சணல் நூல் ஓர் உருண்டை.

இப்படிக்கு,
கைத்தொழில் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை