பழைய பதிவேட்டை எடைக்குப் போடாதீர்கள்

நூறு வயதைத் தாண்டிய பெண்கள் பள்ளிகளின் தலைமையாசிரியைகளுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு பள்ளியின் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில், பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். அட்டை இல்லை. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பக்கங்களில் பழுப்பேறிய மையில் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனேன். கலியாணம். மேற்படி. மேற்படி. ஊர் மாற்றம். வைசூரி. கலியாணம். மேற்படி. பதினொரு வயதைத் தாண்டிப் படித்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி மட்டும் கலியாணம் என்று நீங்கி, இரண்டு ஆண்டு கழித்து அதே தகப்பன் பெயரோடு மறுபடி சேர்ந்திருந்தாள். ஏன் திரும்பி வந்தாள் என்று எழுதவில்லை. எனக்குத் தோன்றியதை இங்கே எழுத மனம் வரவில்லை.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்தேன். மறு ஆண்டு அந்த அறை கணினி அறை ஆனது. பழைய விடைத்தாள்களோடு பதிவேடும் எடைக்குப் போயிற்று. ஒரு படம்கூட எடுத்து வைக்காத என் சோம்பலுக்கும் அதில் பங்குண்டு. அந்த உறுத்தலில்தான் இந்த மடல்.

உங்கள் நூற்றாண்டு மலர்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். நிறுவியவர் படம், கட்டடம் திறந்த கவர்னர், தலைமையாசிரியைகள் வரிசை. எல்லாம் சரி. முதல் நாள் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் யார்? எப்படி வந்தார்கள்? யார் அனுப்பினார்கள்? அந்தப் பக்கம் மட்டும் இருப்பதில்லை.

வந்ததே பெரிய விஷயம். சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுத்து 1826இல் அப்போதைய கவர்னர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் கோயில் நடனப் பெண்கள். எழுத்துத் தெரிந்த பெண் என்றாலே ஊர் ஒரு மாதிரிப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்கள் மனதில் இருந்தது இதுதான்.

அதனால் பள்ளி நடத்தியவர்கள் என்னென்னவோ செய்ய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹேரியட் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப் பள்ளியில் சோறும் துணியும் கொடுத்தார்கள். படிப்பை முடித்த பெண்ணுக்குச் சீதனமும் மிஷனே கொடுத்தது. படித்தால் கலியாணம் ஆகாது என்ற பயத்துக்கு அதுதான் பதில். ஆனால் இன்னொன்றும் நடந்தது. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். உடுவிலில் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் பெட்ஸி பொமராய்! வீட்டில் அவளை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதை இனி எந்தத் தாளில் தேடுவது?

நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற பணத்தில் பள்ளி நடந்தது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. எழுத்துப் படிக்கப் போன இடத்தில் விடுதலைக்கு விலை சம்பாதித்தவர்கள் அவர்கள். ஊசியும் நூலும் வாங்கிய கணக்கு எங்காவது இருந்தால், அதைவிடப் பெரிய வரலாற்றுப் பத்திரம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விட்ட பெண்களும் இருந்தார்கள். ஆயா வராத நாளில் பள்ளி இல்லை. அவர்கள் பெயர் சம்பளப் பட்டியலில் தவிர வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார். அந்த வாதம் அச்சில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. பதினொரு வயதில் விதவையான சுப்பலட்சுமி 1911இல் பி.ஏ. தேறி, மறு ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கியதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே காலத்தில் சிலேட்டோடு வந்து இரண்டாம் வகுப்போடு நின்றவளின் பெயர் உங்கள் பீரோவில்தான் இருக்கிறது.

சாதிக் கட்டம் இருக்கிறதே, வெளியே விட்டால் வம்பு என்று சிலர் தயங்குவது தெரியும். நியாயமான தயக்கம்தான். ஆனால் யாரைச் சேர்த்தார்கள், யாரைப் பல ஆண்டுகள் சேர்க்கவே இல்லை என்பதை அந்தக் கட்டம் காட்டிக்கொடுக்கும். சங்கடமாக இருக்கிறது என்று அதைக் கிழித்தால் பள்ளியின் கதையில் பாதி போய்விடும். யாருக்குக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று ஒரு முறை வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. லேமினேஷன் வேண்டாம், செலோடேப் ஒட்டவே வேண்டாம். பழைய தாளுக்கு இரண்டுமே கேடு. சன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகச் செல்போனில் படம் எடுங்கள். காலிப் பக்கத்தையும் விடாதீர்கள். பிறகு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, இலங்கையில் இருந்தால் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தையோ கேளுங்கள். பழைய தாளைப் பதிந்து காப்பதே அவர்கள் வேலை.

மே விடுமுறையில் வெள்ளையடிக்க ஆள் வருவார்கள். அதற்குள் அந்தச் சாமான் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய ஆசிரியை