ஹிட்ச் வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா தின விடுமுறை நெருங்குகிறது. ஒன்ராறியோவில் நம்மவர்கள் பலர் அல்கொன்குயின் பூங்காவுக்கும் ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கமும் ட்ரெய்லர் இழுத்துப் போக ஆயத்தமாகிறார்கள். இந்த வாரங்களில் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் எது நல்லது?" என்றுதான். ட்ரெய்லரை வண்டியோடு கொளுவி, அதன் பாரத்தைப் பகிர்ந்துவிடும் இணைப்புக் கருவிதான் அது. நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் ட்ரெய்லரின் டங் வெயிட் எவ்வளவு?

ஊரில் மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்து அமுங்கும். ட்ரெய்லரிலும் அதே கணக்குதான். கொக்கியின் மேல் இறங்கும் பாரம்தான் டங் வெயிட். சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அளவோடு இருந்தாலும் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகிவிடலாம். ஸ்டியரிங் பிடிப்பு போவது அங்கேதான். ஹிட்ச்சின் இரண்டு ஸ்பிரிங் பார்களும், அதாவது எஃகுத் தண்டுகளும், நெம்புகோல் போல இழுபட்டு, அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை வண்டியின் முன் அச்சுக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் தள்ளிவிடுகின்றன.

விற்பனைத் தாளில் இருக்கும் எடையை நம்பி ஹிட்ச் வாங்காதீர்கள். அது வெறும் ட்ரெய்லரின் எடை. உதாரணமாக, 4,400 இறாத்தல் என்று போட்டிருக்கும். பாத்திரம், படுக்கை, எரிவாயு உருளை, பற்றரி, தண்ணீர் எல்லாம் ஏறினால் 5,600 ஆகிவிடும். தண்ணீர் லீட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறந்துவிடுகிறோம். 13 சதவீதம் என்று வைத்தால் டங் வெயிட் ஏறக்குறைய 730 இறாத்தல். இதற்கு 600 இறாத்தல் டங் வெயிட்டுக்கான பார் போதாது. வண்டியின் பின்அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் சேர்த்தே பார் தெரிவு செய்ய வேண்டும். அதற்காக 1,200க்குத் தாவவும் வேண்டாம். பார் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு குழியும் சட்டகத்தில் அடிக்கும்.

எடை பார்ப்பது கடினமில்லை. சாமான், குடும்பம் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப் எடைமேடைக்குப் போங்கள். வண்டியை மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். அப்புறம் ட்ரெய்லரைக் கொளுவி, பார்களை மாட்டாமல், வண்டியின் இரண்டு அச்சுகளையும் எடை போடுங்கள். கூடியிருக்கும் தொகைதான் உங்கள் டங் வெயிட்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த ஹிட்ச் உங்கள் வண்டியின் இழுவை வரம்பைக் கூட்டாது. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் பேலோட் அளவுக்குள், அதாவது வண்டி சுமக்கக்கூடிய பாரத்துக்குள், ஆட்கள், சாமான், டங் வெயிட், ஹிட்ச்சின் சொந்த எடை எல்லாம் அடங்க வேண்டும். பல குடும்பங்களுக்கு முதலில் முட்டுவது இந்த வரம்புதான். ரிசீவரில், அதாவது ஹிட்ச்சைச் செருகும் வண்டியின் பின்பக்கக் குழாயில், உள்ள எடை வரம்புச் சீட்டையும் பாருங்கள். சில வாகனத் தயாரிப்பாளர்கள் இந்த வகை ஹிட்ச்சே வேண்டாம் என்கிறார்கள். கையேட்டில் அப்படி இருந்தால் நாங்கள் பூட்டித் தர மாட்டோம்.

நெடுஞ்சாலை 400இல் குறுக்குக் காற்றும், பெரிய லாரி கடக்கும்போது வரும் இழுப்பும் பழகியவர்களுக்குத் தெரியும். அதனால் ஸ்வே (வாலாட்டம்) கட்டுப்பாடு உள்ளேயே அமைந்த ஹிட்ச்சைத்தான் நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவோம். விலை கூடத்தான். ஆனாலும் பிள்ளைகள் பின் இருக்கையில் இருக்கும் பயணம் அது. ஆனால் பாரம் தப்பாக ஏற்றிய ட்ரெய்லரை எந்த ஹிட்ச்சும் சரிசெய்யாது.

பூட்டிய பிறகு முன்சக்கர வளைவின் உயரத்தை மூன்று தடவை அளப்போம்: ட்ரெய்லர் இல்லாமல், கொளுவிய பின், பார்களை இறுக்கிய பின். கொளுவியதும் உயர்ந்த முன்பக்கம், பார்களை இறுக்கியதும் எவ்வளவு மீண்டும் இறங்க வேண்டும் என்பது உங்கள் கையேட்டில் இருக்கும். முதல் உயரத்தைவிடவும் தாழ்ந்துவிட்டால் இறுக்கம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

வரும்போது வெறும் ட்ரெய்லரைக் கொண்டுவராதீர்கள். பயணத்துக்குப் போவது போலவே சாமான் ஏற்றி, எடைச் சீட்டோடும் வண்டிக் கையேட்டோடும் வாருங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
கடைப் பணிமனையிலிருந்து