உன் டிஸ்க்கை உடனே எடுத்துப் பார்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய எண்ணெயால் அத்தையின் முட்டி வலி குறைந்திருக்கிறது. அடுத்த புட்டிக்கு இப்போதே கேட்கிறார். செல்வராசு அண்ணன் இன்னும் அந்தப் பத்து ரூபாயைத் தரவில்லை. நான் எழுத வந்தது வேறு.

வாத்தியாரின் இரவுக் கூத்துப் பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை என் கம்ப்யூட்டர் கண்டுகொள்ள மறுத்துவிட்டது. போனில் சொன்னால் 'பழைய இரும்பு, வேறு வாங்கு' என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். நாம் ஒரே கடையில் சேர்ந்து வாங்கிய ஜோடி டிஸ்க் அது. துரியோதனன் விழும் படுகளக் கூத்து முழுவதும் உன்னுடையதில் கிடக்கிறது. அதனால் பொறுமையாகப் படி.

விளக்கு எரிந்தது, உள்ளே சுற்றும் அதிர்வும் கையில் தெரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. முதலில் கேபிளை மாற்றினேன். சொருகிப் பிடுங்கிப் பிடுங்கி அதன் தட்டையான முனை தளர்ந்துவிடும், கேபிளை மாற்றினாலே பல டிஸ்க்குகளின் நோய் தீர்ந்துவிடும். தீரவில்லை. பிறகு, முன்பக்க போர்ட்டை விட்டு சிபியுவின் பின்பக்கம் சொருகினேன். இந்தச் சிறிய டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கிடையாது. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 என்றால் 900. பதிவுகளைத் தாங்கும் உள்தட்டு, நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதற்கு அதிகம் வேண்டும். நீ ஒரு ஹப்பில் ஏழெட்டுச் சாமான்களைத் தொங்கவிட்டிருக்கிறாயே, அதில் இதைச் சொருகாதே.

பின்பக்கம் சொருகியதும், விண்டோஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்டில் வந்தது. அங்கே டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால், ஓர் எழுத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. எனக்கோ, கொள்ளளவு சரியாக இருந்தும் 'ரா' என்று காட்டியது. தட்டு தெரிகிறது, அதில் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கு மட்டும் புரியவில்லை என்று பொருள். கூடவே, ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது.

கடைத்தெருவில் ஒருவரிடம் கொண்டுபோனேன். 'ஃபார்மேட் அடித்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம் சார்' என்று மவுஸை நகர்த்தினார். கையைப் பிடித்துவிட்டேன். சண்முகம், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாத்தியார் போய்விட்டார். முகவீணைக் குழலுக்கு மேலே ஏறி நிற்கும் அந்தக் குரல் வேறு யாரிடமும் இல்லை. அதை ஒரு 'யெஸ்' பட்டனுக்குக் கொடுப்பதா?

மகள் வந்துதான் காப்பாற்றினாள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தாள். படிக்க முடியாத செக்டார்கள், அதாவது தட்டின் சிறு கட்டங்கள், சேர்ந்திருந்தன. விண்டோஸின் பிழை திருத்தும் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது என்றாள். பழுதான டிஸ்க்கில் அது திருத்துகிறேன் என்று எழுதத் தொடங்கி, இருப்பதையும் கலைத்துவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் டிஸ்க்கை அப்படியே புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். அது எளிதில் வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது, அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வருகிறது. நலமான டிஸ்க்கில் ஒரு டெராபைட் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். இது இரவெல்லாம் ஓடி, மறுநாளும் ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீட்பு வேலையெல்லாம் அந்த நகலில்தான். விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டாரின் பிரதி ஒன்றைப் பகுதியின் கடைசியில் வைத்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் நிரல் அதை எடுத்து முன்னால் எழுதியதும் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. ஓர் இரவின் பதிவில் மட்டும் நடுவே குரல் அறுந்துபோகிறது. மற்றவை முழுசு. கட்டியங்காரன் உன்னைக் கூட்டத்தில் பார்த்துக் கேலி செய்வதும் இருக்கிறது, அது அழிந்துவிட்டது என்று நிம்மதியாக இராதே.

இப்போது உன் டிஸ்க்கை எடு. நேராகப் பின்பக்கம் சொருகு. திறந்தால், வேறெதையும் பார்க்காமல் படுகளத்தை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடு. 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே பிடுங்கிவிடு, மறுபடி சொருகிப் பார்க்காதே. படிக்கும் முனை தட்டுக்கு மேலே தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதக்கிறது. அது தட்டைத் தொட்டால் குரலைச் சுரண்டி எடுத்துவிடும். அந்த நிலையில் நிரல் எதுவும் உதவாது, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையம்தான். யார் சொன்னாலும் ஃப்ரீசரில் வைக்காதே, உள்ளே ஈரம் படியும்.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் மகளும் நானும் வருகிறோம். என் பாதியின் நகல் உனக்கு, உன் பாதியின் நகல் எனக்கு. மூன்றாவது பிரதியை வாத்தியார் மகனிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், உனக்குச் சம்மதமா?

அன்புடன்,
முருகேசன்