கால் பிசகியவர் மான் விரட்டப் போகவேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை பூவெடுக்கும்போதுதான் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், கல்லல் பக்கத்துக் கொல்லைகளில் புள்ளிமான் இறங்குகிறது. இராக்காவலில் வரப்பில் கால் பிசகியவர்களும் கருவேல முள் ஏறியவர்களும் இரண்டே நாளில் மறுபடி டார்ச்சும் கம்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கட்டுப் போட்ட காலில் செருப்பு நுழையாது. கண்ணாடி விரியன் கிடக்கும் வரப்பில் வெறுங்கால். ஒரு கையில் கம்பு, மறுகையில் டார்ச் இருந்தால் தடுக்கி விழும்போது ஊன்றக் கை இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் வேறு.

பிசகிய காலுக்கு முதல் இரண்டு நாள் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வீதம் சில தடவை வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். எண்ணெய் போட்டுச் சுளுக்கு உருவினால் வீக்கம் கூடும். நாலு எட்டு ஊன்றி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். முள் ஏறியவர்கள், கடைசி டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

காவலுக்குப் போக முடியாத ஆத்திரத்தில் ஆள் வைத்துச் சுருக்குக் கம்பி கட்டுவதும், மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுவதும் கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பதும் வேட்டைதான்; மான் சிக்காவிட்டாலும் முயற்சியே குற்றம். சொந்தக் கொல்லை என்பதால் விலக்கில்லை. திருட்டுக் கரண்டில் முதலில் சாவது பல நேரம் மாடும் பக்கத்துக் கொல்லைக்காரரும்தான்.

சேலை வேலியைப் பலர் கட்டுகிறார்கள், பாதிப்பேர் தப்பாகக் கட்டுகிறார்கள். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. சேலை 18 அடி நீளம், ஆக ஒரு அடுக்குக்கு 47 சேலை. ஒன்பது அடிக்கு ஒரு கம்பு என்றால் 93 கம்பு. அந்தப் பக்கம் தெரியாத இடத்தில் தாவ மான் தயங்கும், அதுதான் இந்த வேலியின் பலமே. ஒரே அடுக்கு மார்பளவுதான் வரும், எட்டிப் பார்த்துவிடும். கன்மாய்க் கரையும் தைலமரத் தோப்பும் ஒட்டிய பக்கத்திலாவது இரண்டு அடுக்கு கட்டுங்கள். மேல் ஓரத்தை மட்டும் கட்டினால் ஆடிக்காற்று சேலையைச் சுருட்டி மேலே ஏற்றிவிடும், மான் குனிந்து அடியில் நுழைந்துவிடும். கீழ் ஓரம் தரையோடு ஒட்டி, கம்புக்குக் கம்பு முடிச்சு விழவேண்டும். பழைய மீன்வலை வேண்டாம். தொங்கலாகக் கட்டிய வலையில் கொம்பு சிக்கி மான் செத்துப்போகும்.

கட்டும் முன் வந்தது எது என்று பாருங்கள். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது; பிய்த்துத் தின்ற கொழுந்து நார்நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். மண்ணைக் கிளறிக் காயைத் தின்றிருந்தால் பன்றி, அதற்கு வேலி வேறு.

முட்டைக் கரைசலும் ஓரளவு உதவும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 6 முட்டை. துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஓரத்து நாலைந்து வரிசைக்குத் தெளித்தால் போதும், மழை பெய்தால் மறுபடி தெளிக்கவேண்டும். கால் பிசகியவர் டேங்கை முதுகில் சுமக்காமல் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

வேலியிலோ கிணற்றிலோ மான் சிக்கியிருந்தால் கூட்டம் கூடி இழுக்காதீர்கள், பயத்திலேயே செத்துவிடும். எட்டுமானால் கண்ணைத் துணியால் மூடிவிட்டு, நாய்களை விலக்கிக் கட்டி, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மானாவாரிக் கடலை விவசாயிகள்,
கல்லல் வட்டாரம்.